கடிகாரமும் காணாக் காட்சியும்: ஃபிரிட்ஸ் லாங்கின் வாழ்வும் குற்றப் படங்களின் பதற்றக் கட்டமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

குற்றப் படங்களில் பார்வையாளர் அடையும் பதற்றம் எதிர்பாராத அதிர்ச்சியால் விளைவதன்று. அவருக்கு அளிக்கப்படும் அறிவுக்கும் அவரிடமிருந்து மறைக்கப்படும் காட்சிக்கும் இடையிலுள்ள இடைவெளியில் அது பிறக்கிறது. இந்த இடைவெளியைக் கதையமைப்பாலும் ஒளிப்பதிவாலும் திட்டமிட்டு உருவாக்கியவர்களுள் ஆஸ்திரிய-ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் (1890-1976) முதன்மையானவர். இக்கட்டுரை அவர் வாழ்க்கையைப் படங்களோடு இணைத்து நோக்குகிறது. தம் படங்களில் கையாண்ட உத்தியையே தம் வாழ்க்கையைச் சொல்லும்போதும் அவர் கையாண்டார் என்பதையும், வாழ்வில் அவர் சொல்லாமல் விட்டது படங்களின் கருவாகத் தொடர்ந்து வந்தது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: ஃபிரிட்ஸ் லாங், குற்றப்படம், பதற்றம், கதையமைப்பு, ஒளிப்பதிவு, சட்டகத்திற்கு வெளி, வாழ்க்கை வரலாறு.

முன்னுரை

ஃபிரிட்ஸ் லாங் தம் முதுமையில் நேர்கண்டோர் பலரிடமும் ஒரு நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். 1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில வாரங்களில், பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ் அவரைத் தம் அலுவலகத்திற்கு அழைத்தாராம். நீண்ட நடைக்கூடங்களைக் கடந்து, அகன்ற அறையொன்றின் மறுகோடியில் அமர்ந்திருந்த அமைச்சரைச் சென்று கண்டாராம். ஜெர்மானியத் திரைத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு அமைச்சர் இனிமையாகக் கேட்டாராம். தம் தாய் யூதக் குடியிற் பிறந்தவர் என்று லாங் நினைவூட்டியபோது, யூதர் யார் என்பதைத் தீர்மானிப்பது அரசே என விடை வந்ததாம். அமைச்சர் பேசிக்கொண்டிருக்கையில் லாங்கின் கண் சன்னலுக்கு வெளியே தெரிந்த பெரிய கடிகாரத்தின்மேல் இருந்தது. வங்கி மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சு முடியவில்லை. வங்கியும் மூடிவிட்டது. பணம் எடுக்க இயலாமலே அன்றிரவு தொடர்வண்டி ஏறிப் பாரிசுக்குத் தப்பியதாக அவர் சொன்னார்.

இக்கதையைக் கேட்டவர் எவரும் மறந்திலர். திரை வரலாற்று நூல்கள் பலவற்றில் இது நெடுங்காலம் உண்மை நிகழ்ச்சியாகவே இடம்பெற்றது. இதன் உண்மையைச் சோதிக்குமுன் இதன் அமைப்பைச் சற்று நோக்குதல் தகும். நீண்ட நடைக்கூடம், தொலைவில் ஒரு மனிதன், இனிய குரல், நகரும் முள், இன்னும் சில நிமிடங்களில் மூடப்படவிருக்கும் ஒரு கதவு. லாங்கின் குற்றப்படக் காட்சியொன்றுக்குத் தேவையான எல்லாம் இதில் உள்ளன. இத்தகைய அமைப்பை அவர் எங்கிருந்து கற்றார் என்பதே அவர் வாழ்க்கையை எழுதுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினாவாகும்.

கட்டடக்காரரின் மகன்

லாங் 1890 டிசம்பர் 5ஆம் நாள் வியன்னாவில் பிறந்தார். தந்தை ஆன்டன் லாங் கட்டடத் தொழிலில் இருந்தவர். தாய் பாலா யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கம் தழுவியவர். மகன் தம் தொழிலைத் தொடர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். லாங் தொழில்நுட்ப உயர்கல்வி நிலையத்தில் சேர்ந்து, விரைவில் அதைவிட்டு ஓவியத்தின்பால் சென்றார். நாடுகள் பல சுற்றினார். முதல் உலகப்போர் மூளும் வேளையில் பாரிசில் ஓவியராக இருந்தார். கைவிட்ட கட்டடக்கலை அவரை விடவில்லை. படிக்கட்டு, முற்றம், நடைக்கூடம், மாடியறை ஆகியவற்றை மனிதர்க்கு முன்னதாகக் காட்டி, அவ்விடத்தின் வெறுமையைக் கொண்டே அச்சம் ஊட்டும் பழக்கம் அவர் படங்கள் அனைத்திலும் காணப்படும்.

போரில் ஆஸ்திரியப் படையில் பணியாற்றிப் பலமுறை காயமுற்றார். வலக்கண் பார்வை பாதிக்கப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையில் திரைக்கதைகள் எழுதத் தொடங்கினார். பெர்லினில் டெக்லா நிறுவனத்தின் எரிக் பொம்மர் அவரை அழைத்துக்கொண்டார். 1919இல் இயக்குநரானார். தொடக்கக் காலத்துப் படங்கள் சிலவற்றின் படிகள் இன்று கிடைக்கவில்லை. 1921இல் வெளிவந்த 'களைத்த மரணம்' அவரை நிலைநிறுத்தியது.

இதற்கிடையே 1920ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் இல்லத்தில் ஒரு சாவு நிகழ்ந்தது. லாங்கின் முதல் மனைவி லிசா ரோசன்தால் மார்பில் குண்டு பாய்ந்து இறந்தார். துப்பாக்கி லாங்குக்கு உரியது. அக்காலத்தில் லாங், தம் திரைக்கதைகளில் உடனுழைத்த எழுத்தாளர் தேயா ஃபொன் ஹார்பூவோடு நெருக்கமாக இருந்தார். அந்நெருக்கத்தை மனைவி நேரிற் கண்டதே நிகழ்ச்சிக்குக் காரணம் என்று அக்காலத்தார் பேசினர். தற்கொலை என்றனர் சிலர், விபத்து என்றனர் சிலர், வேறுவகையாக ஐயுற்றோரும் இருந்தனர். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. 1922இல் லாங் ஹார்பூவை மணந்தார்.

கோயபல்ஸ் சந்திப்பைப் பலமுறை விரித்துரைத்த லாங், இச்சாவைப் பற்றிப் பொதுவெளியில் வாய் திறக்கவில்லை. அந்த அறையில் நடந்தது என்ன என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. ஊகங்களைக் கொண்டு தீர்ப்பெழுதுவது ஆய்வின் வேலையன்று. ஆயினும் ஒன்றைக் குறிப்பிடலாம். மூடிய அறை, ஒரு குண்டு, குற்றமுடையவனா இல்லையா என்று பிறரால் நோக்கப்படும் ஒருவன் ஆகிய மூன்றும் அடுத்த 36 ஆண்டுகள் அவர் படங்களை விட்டு அகலவில்லை.

நேரமும் திருட்டும்

1922இல் இரு பகுதிகளாக வெளிவந்த 'சூதாடி டாக்டர் மபூசே' நார்பெர்ட் ஷாக்கின் புதினத்தைத் தழுவியது. ஒளிப்பதிவு கார்ல் ஹாஃப்மான். இப்படத்தின் தொடக்கத்தில் மபூசே சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் தன் மாறுவேடங்களின் படங்களைக் கலைத்து ஒன்றை எடுக்கிறான். அடுத்து அவன் கண் கடிகாரத்திற்குச் செல்கிறது. அங்கிருந்து ஓடும் தொடர்வண்டிக்குள் ஒருவன் தன் கடிகாரத்தை நோக்குகிறான். சாலையில் காரோட்டி காத்திருக்கிறான். வணிக ஒப்பந்தம் அடங்கிய பை வண்டியில் திருடப்பட்டுப் பாலத்தின் மேலிருந்து வீசப்படும் நொடியில், கீழே செல்லும் கார் அதைத் தாங்கிக்கொள்கிறது.

மூன்று இடங்களில் நடப்பனவற்றை மாறி மாறிக் காட்டும் இணைவெட்டு, அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் படங்களில் முன்பே கையாளப்பட்டது. அங்கு அது ஆபத்தில் இருப்பவரை மீட்க விரையும் காட்சிக்குப் பயன்பட்டது. லாங் அதைக் குற்றவாளியின் கையில் கொடுத்தார். இவ்விடங்கள் மூன்றையும் இணைப்பது ஒருவன் மனத்துள் முன்னரே வரையப்பட்ட திட்டம். திட்டம் பிசகிவிடுமோ என்று பார்வையாளர் பதறும்போது, அவர் தம்மை அறியாமலேயே திருடனின் பக்கம் சாய்ந்துவிடுகிறார். குற்றப்படத்தின் அறச்சிக்கல் இங்கே தொடங்குகிறது.

'நிபெலுங்கர்' (1924), 'மெட்ரோபோலிஸ்' (1927) ஆகிய பெரும்படங்கள் இக்கட்டுரையின் எல்லைக்குள் வாரா. 1928இல் வந்த 'ஒற்றர்கள்' மபூசேயின் உத்திகளை இன்னும் இறுக்கமாக்கியது. 1929இன் 'நிலவில் பெண்' விண்கலம் புறப்படுமுன் எண்களைத் தலைகீழாக எண்ணிக் காட்டியது. கடிகாரத்தை எண்ணாக மாற்றிய உத்தி அது.

எல்சியின் தட்டு

1931 மே 11ஆம் நாள் பெர்லினில் திரையிடப்பட்ட 'எம்' லாங்கின் முதல் பேசும்படம். கதையை அவரும் ஹார்பூவும் எழுதினர். ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னர், முன்னர் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். நகரொன்றில் சிறுமியரைக் கொல்லும் ஒருவனைக் காவலரும் தேடுகின்றனர். காவலரின் சோதனைகளால் தொழில் கெட்ட திருடர்களும் தேடுகின்றனர். கொலையாளி யார் என்பது படத்தின் முற்பகுதியிலேயே பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. யார் செய்தது என்ற வினாவைத் தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டுப் பதற்றத்தை எவ்வாறு காத்தல் இயலும் என்பதற்கு முதல் எட்டு நிமிடங்களே போதிய விடையாகும்.

திரை இருண்டிருக்கையில் ஒரு சிறுமியின் குரல் கேட்கிறது. பின் உயரத்திலிருந்து ஓர் அடுக்கக முற்றம் தெரிகிறது. வட்டமாக நிற்கும் குழந்தைகள் கொலைகாரனைப் பற்றிய எண்ணுப் பாட்டைப் பாடி, ஒவ்வொருவராக ஆட்டத்திலிருந்து நீக்குகின்றனர். மேலிருந்து ஒரு பெண் அப்பாட்டை நிறுத்தச் சொல்லிக் கடிகிறாள். அவள் போனதும் பாட்டு மீண்டும் தொடங்குகிறது. துணி வெளுக்கும் மற்றொரு பெண் வீட்டுச் சுவரிலுள்ள குயிற்கடிகாரம் பன்னிரண்டு அடிக்கிறது. அவள் முகம் மலர்கிறது. பள்ளி விடும் நேரம் அது. மகளுக்காகத் தட்டை எடுத்து வைக்கிறாள்.

பள்ளியிலிருந்து வரும் எல்சி விளம்பரத் தூணொன்றின்மேல் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறாள். அத்தூணில் கொலையாளியைப் பிடிப்போருக்குப் பரிசு அறிவிக்கும் சுவரொட்டி உள்ளது. அதன்மேல் தொப்பியணிந்த ஆணின் நிழல் படிகிறது. பந்து அழகாயிருக்கிறதென்று ஒரு குரல் சொல்கிறது. கொலையாளியின் முகம் காட்டப்படவில்லை. அவனைத் தேடும் அறிவிப்பின்மேலேயே அவன் நிழல் விழுந்திருக்கிறது. எழுத்தறிந்த பார்வையாளருக்கு எல்லாம் விளங்குகிறது. எல்சிக்கு எதுவும் விளங்கவில்லை. இவ்விருவர் அறிவுக்கும் இடையிலுள்ள தொலைவே அக்காட்சியின் பதற்றம்.

இதற்குப்பின் படத்தொகுப்பு இரு இடங்களுக்கு இடையே ஊசலாடுகிறது. கண்பார்வையற்ற பலூன் வணிகரிடம் அம்மனிதன் சீழ்க்கையடித்தபடி பலூன் வாங்கித் தருகிறான். தாய் கடிகாரத்தைப் பார்க்கிறாள். முள் நகர்ந்துவிட்டது. பள்ளி விட்டு வந்த பிற சிறுமியரைக் கேட்கிறாள். எல்சி அவர்களோடு வரவில்லை. கதவு தட்டப்படுகிறது. வந்தவர் தொடர்கதை ஏடு விற்பவர். தாய் சன்னலைத் திறந்து மகளின் பெயரைக் கூவுகிறாள்.

அக்கூவல் கேட்டுக்கொண்டேயிருக்க, மனிதர் எவருமற்ற காட்சித்துண்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. மேலிருந்து நோக்கிய வெறும் படிக்கட்டுச் சுழல். துணிகள் தொங்கும் வெறும் மாடியறை. மேசையில் தொடப்படாத தட்டும் கரண்டியும். புதருக்குள்ளிருந்து உருண்டு வந்து நிற்கும் பந்து. தொலைபேசிக் கம்பிகளில் சிக்கித் தவித்துப் பின் காற்றில் விடுபடும் பலூன்.

கொலை காட்டப்படவே இல்லை. ஆயினும் திரையரங்கில் எவருக்கும் ஐயமில்லை. தாயின் குரல் எட்டாத ஒவ்வோர் இடத்தையும் படக்கருவி அவளுக்காகச் சென்று பார்த்துவருவதுபோல் இவ்வரிசை அமைந்துள்ளது. நிலையான கோணம், அசைவின்மை, அளவொத்த கால நீளம் ஆகியவை வாக்னரின் ஒளிப்பதிவில் ஒருவகை ஈவிரக்கமற்ற அமைதியைத் தருகின்றன. பின்னணி இசை எதுவுமில்லை. பேசும்படம் வந்த புதிதில் பிறர் ஒலியால் திரையை நிரப்பிக்கொண்டிருந்தபோது, லாங் நிசப்தத்தை ஒலியின் ஒரு வகையாகவே கையாண்டார். படத்தில் திரும்பத் திரும்ப வரும் இசை கொலையாளியின் சீழ்க்கை. நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் 'பேர் கிந்த்' தொகுதியிலுள்ள மெட்டு அது. கொலையாளியாக நடித்த பீட்டர் லோரிக்குச் சீழ்க்கையடிக்கத் தெரியாது. அதனால் அதை லாங்கே ஒலித்துத் தந்தார். கொலையாளியின் ஒலி இயக்குநரின் மூச்சு என்னும் செய்தி, 1920ஐ அறிந்தவர்க்குச் சற்றுத் துணுக்குறச் செய்வதே.

படத்தின் நடுப்பகுதியில் காவல் அதிகாரிகளின் கூட்டமும் திருடர் தலைவர்களின் கூட்டமும் மாறி மாறி வருகின்றன. ஒரு கூட்டத்தில் தொடங்கும் கையசைவு மறு கூட்டத்தில் முடிகிறது. ஒருவர் வாக்கியத்தை மற்றவர் தொடர்கிறார். இரு அறைகளிலும் புகை மண்டுகிறது. மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் அச்சத்தின் பிறப்பிடமாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைச் சுட்டுவார். கள்வரும் இறையும் ஒரே அச்சத்தின் இரு கைகளாகி ஒருவனை நோக்கி நீளும் காட்சிக்கு அந்நூற்பாவைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைத்தல் அரிது.

சீழ்க்கையை வைத்துக் கொலையாளியை அடையாளம் காண்பவர் கண்பார்வையற்ற பலூன் வணிகர். ஓர் இளைஞன் தன் உள்ளங்கையில் சுண்ணக்கட்டியால் எம் என்னும் எழுத்தை எழுதி, தடுமாறியவன்போல் கொலையாளியின் தோளில் அறைந்து பதிக்கிறான். அதுவரை நகரம் அவனை அறியாதிருந்தது, பார்வையாளர் அறிந்திருந்தார். இப்போது நகரம் அறிகிறது, அவன் அறியவில்லை. அறிவின் நிலை இடம் மாறுகிறது. பதற்றமும் இடம் மாறுகிறது. கண்ணாடியில் தன் முதுகைத் திரும்பிப் பார்க்கும் கொலையாளியின் விழிகள் பிதுங்கும்போது, பார்வையாளர் தம் நெஞ்சில் எழும் இரக்கத்தைக் கண்டு தாமே அஞ்சுகிறார்.

அலுவலகக் கட்டடமொன்றின் பரணில் அவன் ஒளிந்துகொள்கிறான். இரவில் புகுந்த திருடர் அறை அறையாகத் தேடுகின்றனர். காவலாளி எச்சரிக்கை மணியை இயக்கிவிட்டதால் இன்னும் சில நிமிடங்களே உள்ளன. இங்கும் கடிகாரம். திருடர் வெல்ல வேண்டும் என்று விரும்புவதா, காவலர் வந்துவிட வேண்டும் என்று விரும்புவதா, அவன் தப்ப வேண்டும் என்றா? மூன்றும் தவறாகவே தோன்றுகின்றன. பாழடைந்த சாராய ஆலையில் திருடர் கூட்டும் நீதிமன்றத்தில், தன்னைக் கொல்லத் தூண்டும் உட்குரலிடமிருந்து தன்னால் ஓட இயலவில்லை என அவன் கதறும்போது, படம் தொடங்கிய வேட்டை வேறொன்றாகிவிடுகிறது. லோரியின் நடிப்புக்கு இணையாக அங்கு அமர்ந்திருக்கும் கூட்டத்தின்மீது படக்கருவி மெல்ல நகர்ந்து காட்டும் முகங்களும் நோக்கத்தக்கவை. வெறுப்பு, களைப்பு, எங்கோ ஓரிரு முகங்களில் தலையசைப்பு.

இப்படத்தைக் கண்ட கோயபல்ஸ் மரணதண்டனையை ஆதரிக்கும் படைப்பெனக் கருதித் தம் நாட்குறிப்பில் பாராட்டி எழுதினார். லாங் கருதியது அதற்கு நேர் எதிரானது. ஒரே காட்சி இரு எதிர்நிலைகளுக்கும் இடந்தந்தமை படத்தின் குறையா நிறையா என்பது இன்றும் முடிந்தபாடில்லை.

தடையும் கடவுச்சீட்டும்

அடுத்த படமான 'டாக்டர் மபூசேயின் சாசனம்' 1933 மார்ச்சில் தடைசெய்யப்பட்டது. மனநோய் விடுதியில் இருந்தபடியே எழுத்தின் வழி ஒரு குற்றப் பேரரசை நடத்தும் மபூசே, தன் ஆணைகளைத் திரைக்குப் பின்னிருந்து ஒலிக்கும் குரலால் அனுப்புகிறான். திரையை விலக்கினால் அங்கு இருப்பது மரப்பலகை உருவமும் ஒலிபெருக்கியும்தாம். போக்குவரத்து விளக்கருகே நிற்கும் கார்கள் ஒலிப்பானை முழக்க, அவ்வோசைக்குள் துப்பாக்கி வெடிப்பு மறைகிறது. விளக்கு மாறியதும் எல்லாக் கார்களும் நகர்கின்றன. ஒன்று மட்டும் நகரவில்லை. கொலையைக் கேட்கவும் விடாமல் காணவும் விடாமல் அறியச் செய்த இக்காட்சி, லாங்கின் முறை முழுமையடைந்த இடம் எனலாம்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஹார்பூவுடனான மணவாழ்வு சட்டப்படி முடிந்தது. ஹார்பூ அப்போது ஆயி டெண்டுல்கர் என்னும் இந்தியரோடு வாழ்ந்துவந்தார். பின்னர் அவர் நாட்சி ஆட்சியின்கீழ் தொடர்ந்து திரைக்கதை எழுதினார். லாங் நாட்டைவிட்டு அகன்றார்.

எவ்வாறு அகன்றார் என்பதில்தான் முன்னுரையிற் கூறிய கதை வருகிறது. 1990இல் ஸ்வீடன் ஆய்வாளர் யோஸ்டா வெர்னர், பெர்லின் திரை ஆவணகத்திற்கு வந்துசேர்ந்த லாங்கின் கடவுச்சீட்டை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். சந்திப்பு நடந்ததாகச் சொல்லப்படும் இரவில் லாங் ஜெர்மனியை விட்டுச் சென்றதற்கு அதில் முத்திரை இல்லை. 1933 கோடையில் அவர் வெளிநாடு செல்வதும் பெர்லின் திரும்புவதுமாக இருந்திருக்கிறார். அயல்நாட்டுப் பணமும் உரிய முறையில் பெற்றிருக்கிறார். இறுதியாகப் புறப்பட்டது ஜூலை முடிவில். கோயபல்ஸ் நாட்குறிப்பிலும் அத்தகைய சந்திப்பு பற்றிய குறிப்பு இல்லை.

இக்கண்டுபிடிப்பைக் கொண்டு லாங்கைப் பொய்யர் என ஒதுக்கியோர் உண்டு. அது எளிய தீர்ப்பு. படம் தடைசெய்யப்பட்டதும், தாயின் பிறப்பு அச்சுறுத்தலாக நின்றதும், வீடும் மொழியும் இழக்கப்பட்டதும் உண்மை. மாதக்கணக்கில் நிகழ்ந்த தயக்கம், கணக்குப் பார்த்தல், போவதும் வருவதும் ஆகியவை வாழ்க்கையில் நிகழ்பவை. திரையில் அவற்றுக்கு இடமில்லை. லாங் அவற்றைப் படத்தொகுப்பாளர்போல் வெட்டி நீக்கி, ஓர் அறையிலும் ஒரு கடிகாரத்திலும் சுருக்கினார். அவ்வாறு வெட்டியபோது நீங்கியது தயக்கம் என்பதை மறத்தலாகாது. தயங்கியவர் என்று தம்மைக் காட்டிக்கொள்ள அவர் விரும்பவில்லை. பல்லாயிரவர் தப்ப இயலாமல் மாண்ட காலத்தைப் பற்றிய கதையில் இந்நீக்கம் சிறியதன்று.

அயல்மண்

பாரிசில் ஒரு படம் எடுத்தபின், 1934இல் தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கின் ஒப்பந்தத்தோடு அமெரிக்கா சென்றார். 1939இல் அந்நாட்டுக் குடிமகனானார். ஹாலிவுட்டில் அவர் எடுத்த முதற்படம் 'சீற்றம்' (1936). செய்யாத குற்றத்திற்காகச் சிறைப்பட்ட ஒருவனைக் கும்பல் எரித்துக் கொல்ல முயல்கிறது. தப்பியவன் இறந்தவனாக மறைந்திருந்து தன்னைக் கொல்ல வந்தவர்களுக்குத் தூக்குத்தண்டனை பெற்றுத்தரப் பார்க்கிறான். நீதிமன்றத்தில் செய்திப்படச் சுருள் ஓட்டப்படுகிறது. ஊரார் வாயால் மறைத்த முகங்கள் திரையில் உறைந்து நிற்கின்றன. ஒளிப்பதிவே சாட்சியாகும் இக்காட்சியில் லாங் தம் கலையின்மேல் கொண்ட நம்பிக்கை தெரிகிறது.

அந்நம்பிக்கையை அவரே அடுத்த படத்தில் கலைத்தார். 'ஒருமுறையே வாழ்வு' (1937) படத்தின் வங்கிக் கொள்ளையில் மழை கொட்டுகிறது, புகை மூடுகிறது, கொள்ளையன் முகத்தில் நச்சுப்புகைக் கவசம். அங்கே கிடக்கும் தொப்பி நாயகனுடையது. அவன் செய்தானா இல்லையா என்பது பார்வையாளருக்குத் தெரியாது. தீர்ப்பு நாளில் செய்தித்தாள் அலுவலகத்தில் விடுதலை என்ற தலைப்பிட்ட முதற்பக்கம் தெரிகிறது. படக்கருவி நகர, முடிவு எட்டப்படாமை பற்றிய பக்கமும் குற்றவாளி எனும் பக்கமும் அருகே காத்திருக்கின்றன. மூன்று உண்மைகள் ஒரே நேரத்தில் அச்சுக்கோக்கப்பட்டுள்ளன. எது அச்சேறும் என்பதைத் தொலைபேசி மணி தீர்மானிக்கிறது.

1944இன் 'சன்னலில் பெண்', 1945இன் 'செந்தெரு' ஆகிய இரண்டிலும் எட்வர்ட் ஜி. ராபின்சன் தற்செயலாகக் கொலையில் வீழும் நடுவயது மனிதராக நடித்தார். ஒளிப்பதிவு மில்டன் கிராஸ்னர். முன்னதில் எல்லாம் கனவென முடிகிறது. பின்னதில் கொன்றவன் தண்டனையின்றித் தப்ப, வேறொருவன் மின்னாற்காலியில் சாகிறான். சட்டம் தொடாத குற்றவாளி இறந்தவர்களின் குரல்களோடு தெருக்களில் திரிகிறான். வழக்குத் தொடரப்படாமை என்பது விடுதலை ஆகாது என்பதை இவ்வளவு கசப்பாகச் சொன்ன படங்கள் அக்காலத்தில் மிகச் சில.

'பெருவெப்பம்' (1953) படத்தில் காவல் அதிகாரி மகளுக்குத் தூங்கும்முன் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். சன்னலுக்கு வெளியே ஒளி வெடிக்கிறது. மனைவி ஏறிய காரில் குண்டு. பிறிதோரிடத்தில் அடுப்பில் கொதிக்கும் காப்பிப் பாத்திரம் அண்மைக் காட்சியில் தெரிகிறது. பின் அலறல் மட்டும் கேட்கிறது. எல்சியின் தட்டிலிருந்து இப்பாத்திரம் வரை 22 ஆண்டுகள். வன்முறையைச் சட்டகத்திற்கு வெளியே வைத்து, அதன் கருவியையோ ஒளியையோ மட்டும் உள்ளே விடும் முறையில் மாற்றமில்லை. தணிக்கையின் கட்டுப்பாடு ஒரு காரணம் எனலாம். ஆனால் அக்கட்டுப்பாடு வருமுன்னரே, பெர்லினிலேயே, அவர் இதனைத் தேர்ந்துகொண்டவர்.

படப்பிடிப்புத் தளத்தில் லாங் கொடுமையானவர் என்று உடனுழைத்தோர் பலர் பதிவுசெய்துள்ளனர். ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே வரைந்து, நடிகரின் கைவிரல் நிற்கும் இடத்தையும் கட்டளையிட்டவர் அவர். தயாரிப்பாளர்களோடு ஓயாத பூசல். 1956இன் 'ஐயத்திற்கு அப்பால்' அவருடைய கடைசி அமெரிக்கப் படம். மரணதண்டனையின் தவற்றை மெய்ப்பிக்கத் தன்மேல் பொய்ச்சான்றுகளைத் தானே பரப்பும் எழுத்தாளன், இறுதியில் உண்மையாகவே கொன்றவன் எனத் தெரியவருகிறான். பார்வையாளர் படம் முழுதும் அவனுடன் இருந்தும் ஒன்றைக் காணவில்லை.

திரும்புதல்

1950களின் இறுதியில் மேற்கு ஜெர்மனி அவரை அழைத்தது. இளமையில் ஹார்பூவோடு எழுதிப் பிறர் கைக்குப் போன இந்தியக் கதையை இரு படங்களாக எடுத்தார். உதயப்பூரில் படப்பிடிப்பு நடந்தது. 1959இல் வெளிவந்த அவற்றின் இந்தியா பெரும்பாலும் ஐரோப்பியக் கற்பனையே. 1960இல் 'டாக்டர் மபூசேயின் ஆயிரம் கண்கள்' வந்தது. போக்குவரத்து விளக்கருகே காரில் ஒரு செய்தியாளர் கொல்லப்படுவதோடு அது தொடங்குகிறது. 1933இன் அதே காட்சி. கதை நிகழும் விடுதியை நாட்சிகள் கட்டியிருந்தனர். அறைதோறும் மறைந்த படக்கருவிகள். எல்லாம் காணப்படும் இடத்தில் எதுவும் அறியப்படவில்லை.

இதுவே அவர் இயக்கிய இறுதிப்படம். பார்வை மங்கிக்கொண்டிருந்தது. 1963இல் கோதாரின் 'அவமதிப்பு' படத்தில் ஃபிரிட்ஸ் லாங் என்னும் இயக்குநராகவே நடித்தார். எஞ்சிய ஆண்டுகளில் பெவர்லி ஹில்ஸ் இல்லத்திற்கு வந்த இளம் திறனாய்வாளர்களிடம் கோயபல்ஸ் அறையையும் சன்னலுக்கு வெளியே நகர்ந்த முள்ளையும் மீண்டும் மீண்டும் விவரித்தார். 1976 ஆகஸ்ட் 2ஆம் நாள் மறைந்தார். அக்கதையைப் பொய்யாக்கும் முத்திரைகள் பதிந்த கடவுச்சீட்டு கிழிக்கப்படாமலும் எரிக்கப்படாமலும் அவருக்குப்பின் எஞ்சியிருந்தது.